புழுதியில் ஓடிய கப்பல்

பல்லடத்துக்கு மேற்கே, கிளுவை வேலிகளுக்கு நடுவில் இருந்த ஒரு மிஷன் பெண்பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது வயது பத்தொன்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூர் போர்டிங்கில் வளர்ந்து, டிரெயினிங் முடித்த கையோடு மாட்டுவண்டியில் போய் இறங்கினேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. இரண்டும் சேர்ந்து என்னை எந்தப் பள்ளியில் எத்தனை நாள் வைத்திருக்கும் என்று போர்டிங் தோழிகள் பந்தயம் கட்டியிருந்தார்கள். இதில் வருகிறவர்களின் பேர்களைச் சொல்லப் போவதில்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்னும் அந்தப் பக்கமே இருக்கிறார்கள்.

பள்ளியில் என்னைத் தவிர ஒரே ஒரு ஆசிரியை. எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். ஆள் என் தோள் உயரம்தான் இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கலியாணம் செய்துகொள்ளாதவர். ஊரில் அவரைப் பிடிக்காதவர்கள்கூட அவர் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவரைப் போல ஒரு வாத்தியாரம்மாளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்த வருஷம் வேதபாட வகுப்பில் ஆதி காலத்து மிஷனரிகளின் பிரயாணங்கள். கிறிஸ்து போன பிறகு அவருடைய செய்தியைச் சுமந்துகொண்டு கடல் தாண்டி, மலை தாண்டி, ஊர் ஊராகப் போனவர்களின் கதை. அதிலும் முக்கியமாக ஒருவர். கூடாரம் தைத்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு, அந்தியோக்கியாவில் தொடங்கி, கடைசியில் கைதியாக ரோமாபுரி வரைக்கும் போன அப்போஸ்தலர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் கூடாரக்காரர்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன். அவர் போன ஊர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ராகம் போட்டு ஒப்பிக்க வைத்தேன். ஒரே வாரத்தில் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய டீச்சர் கதவோரம் நின்று முழுவதும் கேட்டுவிட்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு சொன்னார்:

"நீ சொல்லிக் குடுத்தது ரயில்வே கைடு, கண்ணு. இதுல அந்த மனுசன் எங்க இருக்காரு?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பரீட்சை வைக்க வருகிற வெள்ளைக்காரத் துரைசானி ஊர்ப் பேர்களைத்தானே கேட்பார் என்றேன்.

"துரைசானி வருசத்துல ஒருநாள் வருவாங்க. புள்ளைக தெனமும் வாராங்க. ஊர்ப் பேரு வேண்டாம். எங்க பசிச்சுது, ஆரு சோறு போட்டாங்க, ஆரு ஊட்டுல படுத்தாரு. ஒவ்வொரு ஊருக்கும் இது மூணும் சொன்னாப் போதும்."

மறுநாளிலிருந்து பாடத்தை அவரே எடுத்தார். நான் கூட நின்றேன். பள்ளி ஒரே ஒரு நீள அறை. கிழக்குச் சுவரோரம் பண்ணையத்து வீட்டுப் பெண்கள், கதவோரம் தோல் தைக்கிறவர்கள் தெருப் பெண்கள், நடுவில் காலி இடம். ஒரே கூரைக்குள் உட்கார வைத்ததற்கே பெரிய டீச்சர் பல வருஷம் பாடுபட்டிருந்தார். அந்தக் காலி இடத்தில்தான் சாம்பலாலும் செங்கல் பொடியாலும் நாடுகளை வரைந்தார். பருத்திக்கொட்டையைக் குவித்து மலை செய்தார். பிள்ளைகள் அதன் மேல் நடந்தே பிரயாணம் போக வேண்டும்.

"காரமடைத் தேருக்கு நடந்து போனவிய ஆரு?" என்பார். நாலைந்து கை தூக்கும். "காலு எங்க வலிச்சுது?" குதிகால், கெண்டைக்கால், இடுப்பு என்று பதில் வரும். "கூடாரக்காரருக்கும் அங்கதான் வலிச்சுது. நீங்க தேர் பாக்கப் போனீங்க. அவரு பல ஊருல கல்லடி வாங்கத்தான் போனாரு. வாங்கிப்போட்டு அடுத்த ஊருக்கு எந்திரிச்சு நடந்தாரு." பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நானும்தான்.

கடல் வந்தபோது சிக்கல். பிள்ளைகளில் ஒருத்தியும் கடலைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பெரிய டீச்சரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் அசரவில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக் கூடுதுறைக்குப் போனவர்கள் யார் என்று கேட்டார். "ரெண்டு ஆறும் ரொம்பி வருதில்ல? இப்பக் கண்ண மூடிக்கிட்டு எதிர்க்கரைய எடுத்துப்போடுங்க." பிள்ளைகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். "எடுத்துப்போட்டாச்சா?" "எடுத்துப்போட்டமுங்க டீச்சர்." "அதுதான் கடல்."

ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். சோறு போட்டவர்கள் என்ன ஆளுங்க? அவர்கள் வீட்டில் இவர் சாப்பிடலாமா? எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பெரிய டீச்சர் சாதாரணமாகச் சொல்வார்: "அவரு கேட்டதா வேதத்துல எழுதலை, கண்ணு. கேட்டிருந்தா மொத ஊரோட திரும்பி ஊட்டுக்குப் போயிருப்பாரு."

கூடாரம் எதில் தைப்பார்கள் என்று ஒருநாள் பேச்சு வந்தது. ஆட்டு மயிரில் நெய்த துணியிலும் தோலிலும் என்றார் பெரிய டீச்சர். பண்ணையத்துப் பக்கம் ஒரு முகச்சுளிப்பு ஓடியது. கதவோரம் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா, மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கிற தோல்பறிகளைத் தைப்பவர். அந்தச் சுற்று வட்டாரத்தில் முக்கால்வாசிக் கிணறுகளில் அவர் தைத்த பறிதான் தண்ணீர் ஏற்றியது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், அவரைத் தொடக் கூடாது. இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

"குத்தூசியிலதானுங்க தைப்பாரு?" என்று கேட்டாள் அவள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள்.

"ஆமா. உனக்குத் தைக்கத் தெரியுமா?"

"தோல்வாரு கோக்கத் தெரியுமுங்க."

"அப்ப நீதான் இனிமே கூடாரக்காரர்," என்று சொல்லி, பெரிய டீச்சர் தம்முடைய துண்டையே எடுத்து அவள் தலையில் கட்டிவிட்டார்.

எதிர்ப்பக்கம் முதல் இடத்தில் உட்காருகிற பெண் அந்த ஊர்ப் பெரிய பண்ணையத்தைச் சேர்ந்தவள். அப்பா இல்லை. அம்மா, வெள்ளைச் சேலையும் ஒற்றைச் சாவிக்கொத்துமாக, கொழுந்தன்மாரை எட்ட நிறுத்திவிட்டுப் பண்ணையத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாததால் தான் பட்ட பாட்டைத் தன் பெண் படக் கூடாது என்பதற்காகவே அவளைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணோ கதைப் பைத்தியம். பகலில் கேட்டதை எல்லாம் சாயங்காலம் பருத்தியில் கொட்டை எடுக்கிற அம்மாவிடம் வரிவிடாமல் ஒப்பித்துவிடுவாள்.

ஆற்றங்கரையில் கூடாரக்காரரைச் சந்தித்து, வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போன ஜவுளிக்கார அம்மாளாக இவளைத்தான் நடிக்க வைத்தார் பெரிய டீச்சர். "வாங்க, வாங்க. ஒரு வாய் மோரு குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்," என்று அவள் சொன்னபோது அச்சு அசல் அவளுடைய அம்மாவேதான். ஆனால் விருந்தாளிக்கு வைத்திருந்த பொரியை, எட்ட நின்று, மேலேயிருந்து மடியில் கொட்டினாள். வீட்டில் பார்த்தது அப்படி. என் வாய் துறுதுறுத்தது. பெரிய டீச்சர் என் முழங்கையை லேசாகத் தொட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பொரி கொடுப்பது அவருடைய ஏற்பாடு. பிரயாணத்தில் எங்கே சாப்பாடு வந்தாலும் பொரிகடலைதான். வறுத்த பண்டத்தை யார் கொடுத்தாலும் எந்த வீட்டிலும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுப்பில் வெந்ததுதான் வம்பு. இது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கப்பல் உடைகிற பாடம் ஆடி மாதத்தில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற ஆடிக் காற்று அந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியும். அம்மியே நகரும் என்பார்கள். பெரிய டீச்சர் அதற்காகவே காத்திருந்தாரோ என்னவோ, அன்றைக்குப் பாடத்தை வாசலுக்குக் கொண்டுவந்தார். புழுதியில் கம்பால் கீறிக் கப்பல் ஒன்று போட்டார். கைதியான கூடாரக்காரர், அதாவது பறி தைக்கிறவர் மகள், நடுவில். அவரைக் காவல் காத்து ரோமாபுரிக்குக் கொண்டுபோகிற சேனைத் தலைவன் பண்ணையத்துப் பெண். கைதியைக் கட்டிய கயிற்றின் மறுமுனை தலைவன் கையில். மற்றவர்கள் சிப்பாய்கள், கப்பல்காரர்கள். கப்பலைச் சின்னதாகக் கீறிவிட்டார். எல்லோரும் நெருக்கியடித்துத்தான் உட்கார முடிந்தது.

காற்று வந்தது. புழுதி கண்ணை மறைத்தது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கூவினார்கள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. பெரிய டீச்சர் காற்றுக்கு மேலாகக் கதையைச் சொன்னார். நாள் கணக்காகச் சூரியன் இல்லை, நட்சத்திரம் இல்லை. பயத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அப்போது கைதி எழுந்து, எல்லோரும் சாப்பிடுங்கள், உயிரோடு கரையேற உடம்பில் தெம்பு வேண்டும் என்று சொல்லி, அப்பத்தை எடுத்துப் பிட்டு, தானும் சாப்பிட்டு மற்றவர்களையும் சாப்பிட வைத்தார்.

நான் பொரித் தட்டை நீட்டினேன். கூடாரக்காரர் அதை வாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே ராகி அடை. வெந்து, அங்கங்கே கருகி, வெங்காயம் போட்ட அடை.

"பொரியப் பிட்டுக் குடுக்க முடியாதுங்க டீச்சர்," என்றாள் என்னிடம். "அதான் ஆத்தாகிட்டச் சொல்லிச் சுட்டாந்தனுங்க."

பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கூடாரக்காரர் அடையைப் பிட்டாள். முதல் துண்டைத் தான் தின்றாள். அடுத்த துண்டைப் பக்கத்தில் இருந்த சேனைத் தலைவனிடம் நீட்டினாள். மேலேயிருந்து போடவில்லை. கையில் கொடுத்தாள். பண்ணையத்துப் பெண் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் அப்போது பல்லடத்துப் பக்கத்தில் இல்லை. நடுக்கடலில் பசியோடு இருந்தாள். ஒருத்தி தின்றதும் மற்றவர்களும் கை நீட்டினார்கள். அத்தோடு மணி அடித்துப் பாடம் நின்றது.

சாயங்காலம் பண்ணையத்துப் பெண் வழக்கம் போல அம்மாவிடம் கதையைச் சொன்னாள். அடையைத் தின்றதையும் சொன்னாள். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பருத்திக் களத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்தது. விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

காலையில் அந்த அம்மாளின் கொழுந்தன்மார் இருவர் வந்தார்கள். கொங்குக்காரர் சண்டைக்கு வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் வருவார்.

"ஏனுங்க டீச்சர், எங்கூட்டுப் புள்ளைய இப்படிப் பண்ணிப்போட்டீங்களே, இது நாயமுங்களா? இனி அந்தத் தெருப் புள்ளைக வெளியத்தான் உக்காரோணும். இல்லீன்னா எங்க புள்ளைக வராதுங்க."

"ஆரையும் வெளிய உக்கார வெக்க எனக்கு மனசு வராதுங்க," என்றார் பெரிய டீச்சர். "உங்க புள்ளைக வாரதும் வராததும் உங்க பிரியமுங்க."

"அந்தப் பறி தைக்கற ஆளுக்கு இனி எங்க கெணத்துல வேலையில்லீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பறி கிழிந்தால் தைக்க வேறு யாரை வைத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது. அன்றிலிருந்து கிழக்குச் சுவரோரம் ஒருத்தியும் இல்லை.

பறி தைக்கிறவர் சாயங்காலம் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். பிள்ளையை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நான் செஞ்சது தப்புங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவ்வளவு நீள வாய் வைத்திருந்த நான் பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவள் தலையில் கை வைத்துச் சொன்னார்: "கதையில என்ன இருக்குதோ அதைத்தான் செஞ்ச. நாந்தான் பொரியக் குடுத்து ஏமாத்தப் பார்த்தேன்." அப்பாவைப் பார்த்து, "நாளைக்கும் அனுப்புங்க," என்றார். அவர் தயங்கித் தயங்கித் தலையாட்டினார். பெண் மறுநாளும் வந்தாள்.

பெரிய டீச்சர் கப்பல் பாடத்தை அதற்கு மேல் நடத்தவில்லை. மிச்சப் பிள்ளைகள் கேட்டும் நடத்தவில்லை. "கப்பல்ல ஏறுனவிய எல்லாரும் வரட்டும்," என்றார். வராவிட்டால் என்று கேட்டேன். காலியாகக் கிடந்த கிழக்குச் சுவரோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். பண்ணையத்துப் பெண் படிப்பை விட்டால் அடுத்த தையில் கலியாணம் செய்து கொடுத்துவிடுவார்கள். மற்ற வீடுகளும் அவளைப் பார்த்துத்தான் நடக்கும்.

சில நாள் கழித்து மத்தியான வெயிலில் பண்ணையத்துப் பெண்ணின் அம்மா தனியாக வந்தார். வெள்ளைச் சேலை முந்தானையை இழுத்து மூடி, வேப்பமரத்தடியில் நின்றார்.

"ஏனுங்க டீச்சர்."

"வாங்க அம்மணி. உள்ள வாங்க."

"உள்ள வரலீங்க. ஒண்ணு கேட்டுப்போட்டுப் போலாமுன்னு வந்தனுங்க." தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அந்தக் கப்பலு என்னாச்சுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன்.

"புள்ள அங்கயே நிறுத்திப்போட்டாளுங்க. அப்பறம் தெரியாதுங்கறா. ராவெல்லாம் எனக்குத் தூக்கமில்லீங்க. அத்தன சனமும் முழுகிப்போச்சுங்களா?"

"புள்ளைய அனுப்புங்க. வந்து கேட்டு, வந்து சொல்லுவா," என்றார் பெரிய டீச்சர்.

"அனுப்பறதா வேண்டாமாங்கறதக் கதையக் கேட்டுப்போட்டுத்தானுங்க சொல்லோணும்." அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. "எங்க சாமி எங்களுக்கு இருக்குதுங்க. நான் மதத்துக்கு வரலீங்க. கதைக்குத்தான் வந்தனுங்க."

பெரிய டீச்சர் வெயிலில் இறங்கிப் போய் அவர் எதிரே நின்றார். கப்பல் மணல் திட்டில் மோதி உடைந்ததைச் சொன்னார். கைதிகள் நீந்தித் தப்பிவிடுவார்கள் என்று சிப்பாய்கள் அவர்களை வெட்டிப்போடப் பார்த்ததையும், சேனைத் தலைவன் கூடாரக்காரரைக் காப்பாற்ற அதைத் தடுத்ததையும் சொன்னார். அந்தத் தலைவன் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். அவர் உதடு லேசாக அசைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், தெரியாதவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை, எல்லோரும் ஒரு தீவில் கரையேறினார்கள் என்றார்.

"ஒருத்தரும் சாகலீங்களா?"

"ஒருத்தரும் சாகலீங்க. மழை வேற. குளிரு. தீவுல இருந்தவிய நெருப்பு மூட்டி எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க."

அந்த அம்மாள் வீட்டுக்கு வந்த ஆள் யாரும் வெறும் வாயோடு திரும்பியதில்லை. ஆனால் என்ன ஆள் என்று கேட்காமல் அவர் யாரையும் உள்ளே விட்டதும் இல்லை.

"என்ன ஆளுங்கன்னு அவிய கேக்கலீங்களா?"

"கைதி, சிப்பாயி, கப்பக்காரன், எல்லாரும் ஒண்ணாத்தான் நனஞ்சு நின்னாங்க அம்மணி. எதை வெச்சுப் பிரிச்சுக் கேப்பாங்க?"

"செரி." முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்த அப்பத்தத் திங்காம இருந்திருந்தா?"

"கரை வரைக்கும் நீந்தத் தெம்பு இருந்திருக்காதுங்க."

"போயிட்டு வாரனுங்க," என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே போனார். அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பெரிய டீச்சர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் அவருக்கும் சேர்த்து ஊர்க்காரர்களைத் திட்டித் தீர்த்தேன்.

இதை எல்லாம் ஒரு பெரிய வெற்றியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழக்குச் சுவரோரம் இருந்தவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. கொழுந்தன்மார் பின்னால் அந்த அம்மாளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோயில் திருவிழாவில் அந்த வீட்டை ஒதுக்கி வைத்தார்கள். அவர் அதை யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. அவருடைய கிணற்றுப் பறியை மட்டும் கூடாரக்காரரின் அப்பாதான் கடைசி வரைக்கும் தைத்தார்.

அந்த அம்மாள் கதை கேட்டுப் போன மறுநாள் காலை மணி அடித்து, ஜெபம் முடிந்து, பிள்ளைகள் கதவோரம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வெள்ளைச் சேலை தெரிந்தது. அம்மாள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை படியேறி வாசற்படி வரைக்கும் வந்தார். தெருவில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் உள்ளே ஒரு கால் வைத்துவிட்டு நின்றுவிட்டாள். கிழக்குச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒருத்தியும் இல்லை. கதவோரத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கீங்கம்மா உக்காரட்டும்?"

பெரிய டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் தெருவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கப்பல்ல எங்க உக்காந்திருந்தயோ, அங்க போயி உக்காரு."

பெண் நடந்து போனாள். பறி தைக்கிறவர் மகள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.